குமாஸ்தாவிடம் கேளுங்கள்: ஜட்ஜுக்குச் சுதந்திரம், நமக்கு என்ன?

போன மாதம் இந்தப் பகுதியில், நீதிபதி யாருக்கும் பயப்படாமல் தீர்ப்பு எழுத முடியாத ஊரில் நம் வீட்டுப் பத்திரம் வெறும் காகிதம்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வக்கீல் இல்லை. தேவகோட்டைப் பக்கம் 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். சட்டத்தைப் படித்ததைவிடச் சுமந்ததுதான் அதிகம்.

ஜட்ஜுகளுக்குப் பங்களா இருக்கிறது, கார் இருக்கிறது, முன்னால் டவாலி போகிறார். இதற்கு மேல் அவர்களுக்கு என்ன சுதந்திரம் வேண்டிக் கிடக்கிறது? அது இருந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன?
— ஓர் ஆச்சி, காரைக்குடி

ஆச்சி, கேள்வி நியாயம்தான். ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வக்கீலிடம் ஓர் அம்மாள் ஓடி வந்தார். ஊருணிக் கரையில் இட்லிக் கடை. இடத்துக்கு மாமனார் பேரில் பழைய பட்டா இருக்கிறது. ஓர் அரசு அலுவலகம், பேர் வேண்டாம், அது புறம்போக்கு என்று வியாழக்கிழமை நோட்டீஸ் ஒட்டிவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஏன் வெள்ளிக்கிழமை என்றால், சனியும் ஞாயிறும் கோர்ட் இல்லை. திங்கள்கிழமை நீங்கள் தடை வாங்கி வரும்போது தடுக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. இது ரொம்பப் பழைய வித்தை.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடவேண்டுமென்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் அதற்கு விலக்குக் கேட்டு ஒரு தனி மனு. பிராது, தடை மனு, விலக்கு மனு மூன்றையும் வக்கீல் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் 12 ரூபாய் குறைந்தது, பக்கத்து டீக்கடையில் கைமாற்று வாங்கினேன். முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் ஜட்ஜ், எழுந்து போகிற நேரம். மறுபடியும் உட்கார்ந்து, பட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடைக்காலத் தடை போட்டார். சின்ன வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஆர்டரை எடுத்துக்கொண்டு என் டிவிஎஸ் 50-ல் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கக் கீற்று பிரித்தாகிவிட்டது. அதிகாரி வாங்கிப் படித்தார், இரண்டாவது தடவையும் படித்தார், டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து அதே கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது யோசியுங்கள் ஆச்சி. அந்த முன்சீப்பின் இடமாற்றமும் பதவி உயர்வும் அந்த அதிகாரியின் மேலதிகாரி கையில் இருந்திருந்தால்? அரசியல் சாசனத்தின் 235-ஆம் பிரிவு கீழ்க்கோர்ட்டுகளை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது, மந்திரியின் கையிலோ கலெக்டர் கையிலோ அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் வரி வசூலிக்கிற கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தான், அந்த அனுபவத்தில்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். ஜட்ஜுக்குச் சுதந்திரம் என்பது அந்தச் சின்னப் பையன் அன்று ராத்திரி வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது. அவன் தூங்கினால்தான் அந்த அம்மாள் காலையில் மாவு ஆட்டலாம்.

(அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அளந்து பார்த்ததில் நாலடி புறம்போக்கில் இருந்தது, அதை விட்டுக்கொடுத்தார். மிச்சம் அவருடையது. கோர்ட் அவர் சொன்னதையெல்லாம் ஏற்கவில்லை, ஆனால் இடிப்பதற்கு முன்னால் அளந்து பார்த்தது.)

எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி செய்தவர். கிட்டங்கியும் நிலமும் அப்படியே போயிற்று என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அங்கே கோர்ட் இல்லையா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

இருந்தது. பிரமாதமாகவே இருந்தது. நம் செட்டிநாட்டு ஆட்கள் கடல் தாண்டிப் போய்க் கடன் கொடுத்ததற்கு ஒரு காரணமே, ரங்கூனில் புரோநோட்டைக் காட்டினால் டிகிரி, அதாவது பணத்தைக் கொடு என்ற கோர்ட் தீர்ப்பு, கிடைக்கும் என்ற நம்பிக்கைதான். ஆனால் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய குடியானவரால் திருப்ப முடியவில்லை, நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பேரில் இருந்தது. அந்த ஊர்க்காரன் பார்வையில் அந்தக் கோர்ட் யாருக்கு வேலை செய்தது என்றும் கேட்கத்தானே வேண்டும்? 1948-ல் அவர்கள் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது அந்தக் கோபத்தில்தான். அது நமக்கு இழப்பு, ஆனால் பாராளுமன்றத்தில் போட்ட சட்டம். அதை எதிர்த்துப் பேசவும், நஷ்டஈடு கேட்கவும், வழக்காடவும் ஒரு இடம் பாக்கி இருந்தது.

அந்த இடமும் போனது 1962 மார்ச்சில். நே வின் ராணுவத்தோடு வந்தார், தலைமை நீதிபதியாக இருந்த மியின்ட் தெய்ன் சிறைக்குப் போனார், உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அப்புறம் வங்கிகளையும் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது, 1964-ல் பெரிய நோட்டுகள் செல்லாது. பல லட்சம் இந்தியர்கள் மூட்டையோடு கப்பல் ஏறினார்கள். ஆர்டரை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது, யாரிடம் காட்டுவது? உங்கள் ஐயா ‘போச்சு’ என்று சொன்னாரே, நிலம் போனதைவிட இதுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஆட்கள் கடை போட்ட மற்ற இரண்டு தேசங்களையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1988-ல் பிரதமர் மகாதீர் காலத்தில் தலைமை நீதிபதி சாலே அபாஸை ஒரு விசாரணை மன்றம் வைத்து நீக்கினார்கள். அவருக்கு உதவப்போன உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேரை இடைநீக்கம் செய்து, அதில் இரண்டு பேரை வீட்டுக்கே அனுப்பினார்கள். இலங்கையில் 2013 ஜனவரியில் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாராளுமன்றமே நீக்கியது. ஆட்சி மாறி 2015 ஜனவரியில் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, மறுநாளே ஓய்வு பெற்றார். இந்த இரண்டு இடத்திலும் பீரங்கி எதுவும் வரவில்லை. குழு போட்டு, வாக்கெடுத்து, முத்திரை குத்தி, எல்லாம் காகிதத்தில்தான் நடந்தது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த இரண்டாவது வகையில்தான் பயம் அதிகம்.

கொலீஜியம் என்று ஜட்ஜே ஜட்ஜைப் போட்டுக்கொள்வது என்ன நியாயம்? ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கம் போட்டால் என்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், இரண்டு பக்கமும் எழுதச் சொல்கிறார்கள்.
— ஒரு மாணவி, பள்ளத்தூர்

தேர்வில் இரண்டு பக்கமும் எழுதம்மா. இங்கே நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

அரசாங்கமே போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் பாராளுமன்றம் கைவைக்க முடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாளே, மூப்பில் முன்னால் இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதி என்று அறிவிப்பு வந்தது. மூவரும் ராஜினாமா. மூவருமே அரசுக்குப் பிடிக்காத பக்கம் எழுதியவர்கள். 1976-ல், நெருக்கடி நிலையில், காவலில் இருப்பவர் கோர்ட்டுக்கே வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று சொன்னது. அதற்கு முன் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் வரலாம் என்று சொல்லியிருந்தன. அந்த ஒருவர், எச்.ஆர்.கன்னா. அடுத்த வருஷம் தலைமை நீதிபதி ஆகவேண்டியவர், ஆகவில்லை, ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அதே 1976-ல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேரை ஊர் ஊராக மாற்றினார்கள். இதையெல்லாம் பட்டபிறகுதான் 1993-லும் 1998-லும் வந்த தீர்ப்புகளில் நியமனத்தை நீதிபதிகள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தலைமை நீதிபதியும் மூத்தவர்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேர் எழுதுகிறார்கள், அதுதான் கொலீஜியம்.

2014-ல் அதை எடுத்துவிட்டு ஓர் ஆணையம் கொண்டுவந்தார்கள். ஆறு பேர்: மூன்று நீதிபதிகள், சட்ட மந்திரி, ‘தலைசிறந்தவர்’ இரண்டு பேர். யாராவது இரண்டு பேர் வேண்டாம் என்றால் ஆள் வரமுடியாது. 2015 அக்டோபரில் அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 4-க்கு 1. அந்த ஒருவரான செலமேஸ்வர், கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று எழுதினார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ரத்து செய்தது சரி, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேர் எழுதுவது தப்பு. நம் ஊர்க் கோயில்களில் காரியம் பார்த்தவர் வருஷக் கடைசியில் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குப் படிக்க வேண்டாமா? எண்ணெய்க்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு என்று? பின்வரிசையில் உட்கார்ந்த கிழவர் ‘போன வருஷத்தைவிடத் தேங்காய் ஏன் அதிகம்’ என்று கேட்க வேண்டாமா? தேசத்தின் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னாரை ஏன் எடுத்தோம், இன்னாரை ஏன் விட்டோம் என்று அந்த அளவுக்காவது சொல்லட்டும்.

இன்னொன்று, இது உன் பாடப் புத்தகத்தில் இருக்காது. கொலீஜியம் அனுப்பின பேரை அரசு ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், மறுபடி அதே பேர் வந்தால் போட்டாக வேண்டும் என்பது முறை. எத்தனை நாளுக்குள் என்பதில்தான் பிடி இல்லை. அதனால் பிடிக்காத பேர் உள்ள கோப்பை மறுக்கவே வேண்டாம், தூங்கவிட்டால் போதும். கோப்பு தூங்குவதற்கு யாரும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. காத்திருக்கிற வக்கீல் ஒரு நாள் அலுத்துப்போய் என் பேரை எடுத்துவிடுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்துவிடுவார்.

1942-ல் எங்கள் ஊர் கோர்ட்டைக் கொளுத்தினார்கள். அதைத் தியாகம் என்கிறோம். இன்றைக்கு ஒரு தீர்ப்பு தப்பு என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அவமதிப்பு என்கிறார்கள். இது என்ன கணக்கு?
— ஒரு வாசகர், தேவகோட்டை

அண்ணே, அது நானும் கேட்டு வளர்ந்த கதை. ஆகஸ்ட் போராட்டம், ஊரே திரண்டது, கோர்ட் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். அன்றைக்கு அந்தக் கட்டிடம் ஜனங்கள் கண்ணுக்குச் சர்க்காரின் இன்னொரு ஆபீஸ், அவ்வளவுதான். போலீஸ் பிடித்துக்கொடுக்கும், கோர்ட் உள்ளே தள்ளும். கோர்ட்டும் ஆளுகிறவனும் ஒன்று என்று ஜனங்கள் முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் பார்த்திருக்கிறது. அதனால்தான் ஜட்ஜுகளும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே மறுபக்கமும் உண்டு. ராமநாதபுரம் ஜமீனில் வாரிசு இல்லாமல் சேதுபதி போனபின் ராணி தத்து எடுத்தது செல்லாது என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் 1868-ல் தத்து செல்லும் என்றது. கலெக்டர் தோற்றார், அவருடைய விக்டோரியா ராணியின் சாம்ராஜ்யத்துக் கோர்ட்டிலேயே.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: தீர்ப்பு தப்பு என்று சொல்வது அவமதிப்பு இல்லை. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே நியாயமான விமர்சனம் குற்றமில்லை என்கிறது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலனுக்காக உண்மையைச் சொன்னேன் என்பதும் எதிர்வாதம். தீர்ப்பைக் கிழியுங்கள், பத்தி பத்தியாகக் கிழியுங்கள். ஜட்ஜின் ஜாதி என்ன, பெண்டாட்டி யார், வீடு எந்தத் தெரு என்று போடுவதுதான் வேறு. அது விமர்சனமும் இல்லை, வீரமும் இல்லை. அடுத்த வழக்கில் பேனா நடுங்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. ஜேசிபியை வெள்ளிக்கிழமை அனுப்புகிறவன் செய்கிற வேலைதான், செல்போனில்.

அதற்காக நீதிமன்றங்கள் சும்மா சும்மா அவமதிப்புச் சாட்டையை எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு இரண்டு ட்வீட்டுக்காக 2020-ல் ஒரு ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த ஒரு ரூபாயால் யாருடைய மானம் உயர்ந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஓய்வு பெற்ற ஜட்ஜ் கவர்னர் ஆகலாமா, எம்.பி. ஆகலாமா?
— ஒரு வாசகர், புதுவயல்

சட்டப்படி ஆகலாம். பாத்திமா பீவி நம் மாநிலத்துக்கே கவர்னராக இருந்தார். சதாசிவம் 2014-ல் கேரளா போனார், ரஞ்சன் கோகோய் 2020-ல் மாநிலங்களவைக்குப் போனார். நான் அவர்கள் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாகம் பிரிக்கப் பஞ்சாயத்துக்கு வந்தவர், பிரித்து முடித்ததும் அந்த வீட்டிலேயே சம்பந்தம் பண்ணினால் இன்னொரு பங்காளி என்ன நினைப்பான்? ஓய்வுக்குப் பின் இரண்டு மூன்று வருஷமாவது சும்மா இருக்கட்டும். பென்ஷன் நன்றாகவே வருகிறது.

தப்புச் செய்த ஜட்ஜை யார் கேட்பது? அவர்களை நீக்கவே முடியாதாமே?
— ஒரு வாசகி, கோட்டையூர்

முடியும், ரொம்பக் கஷ்டம். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்துப் போட வேண்டும், மூவர் குழு விசாரித்துக் குற்றம் என்று சொல்ல வேண்டும், பிறகு இரண்டு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமி மேல் வந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு, எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட இல்லை, 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் விழுந்தது. இவ்வளவு கஷ்டமாக வைத்ததில் தப்பில்லை, சுலபமாக இருந்தால் பிடிக்காத தீர்ப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம் வரும். ஆனால் நீக்குவதற்கும் ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டாமா? இப்போதைக்கு இருப்பது, நீதிபதிகளே தங்களுக்குள் நடத்திக்கொள்கிற உள்விசாரணை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சொல்கிறவர்களை நான் தடுக்கமாட்டேன்.

எங்கள் வளவு வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு 26 வருஷமாக நடக்கிறது. 19 புள்ளி (குடும்பத் தலைக்கட்டு). நாலு பேர் செத்து, அவர்கள் வாரிசுகளைச் சேர்த்து, இப்போது 31 பேர். நீதித்துறைச் சுதந்திரம் என்று நீங்கள் பேசப்பேச எனக்குச் சிரிப்பு வருகிறது.
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

சிரியுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் ஒரு வீட்டுக்கு கோர்ட் அமீனாவோடும், இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் நியமித்த கமிஷனரோடும் போயிருக்கிறேன், உங்கள் வழக்கு மாதிரிதான். முகப்பைத் திறந்ததும் வௌவால் வாடை. பட்டாலையில் கமிஷனர் தூண்களை எண்ணினார். பழைய அறிக்கையில் பர்மாத் தேக்குத் தூண் 16 என்று இருந்தது, அங்கே 11 நின்றது. ஐந்து இடத்தில் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள், சுண்ணாம்புகூட அடித்திருந்தார்கள். யார் எடுத்தது என்று எல்லாப் பங்காளிக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. வாய்தா நடக்கிற 20 வருஷமும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது.

தாமதம் புதுசில்லை. சிவகங்கை ஜமீன் வழக்கே 1829-ல் ஜமீன்தார் இறந்தபின் கிளம்பி, 1863-ல் லண்டனில் அவர் மகள் காத்தம நாச்சியார் ஜெயித்தபோதுதான் ஓய்ந்தது. அதற்குக் கப்பல் காரணம். இப்போது என்ன காரணம்? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தது. அதற்கு முன் நாங்கள் வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கம்பன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போவோம், இப்போது காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. தூரம் குறைந்துவிட்டது, வாய்தா குறையவில்லை. ஜட்ஜ் இடம் காலி, பக்கத்து ஊர் ஜட்ஜ் பொறுப்பு, ஸ்டெனோ இல்லை, நகல் எடுக்க ஆள் இல்லை. இதற்கெல்லாம் பணம் ஒதுக்குவது அரசாங்கம். கோர்ட்டைக் கட்டிப்போட ஜட்ஜை மிரட்டவே வேண்டாம், தட்டச்சருக்குச் சம்பளம் ஒதுக்காமல் இருந்தாலே போதும். இதில் வக்கீல்களுக்கும் பங்கு உண்டு, என் போன்ற குமாஸ்தாக்களுக்கும் உண்டு. ‘சீனியர் மதுரை போயிருக்கார்’ என்று நான் கேட்ட வாய்தாவை எண்ணினால் எனக்கே கூச்சம்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஒரு ‘அண்ணன்’ வந்து மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மேலே அச்சில் போடவில்லை. தயவுசெய்து வேண்டாம். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது, அது ஒரு பக்கம். அவர் உங்களுக்காக மற்ற 30 பேரை மிரட்டினால், நாளைக்கு அவர்களில் ஒருவர் கூடக் கொடுத்து உங்களை மிரட்டச் சொல்வார். அவருடைய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்: 31 பேரில் பேசக்கூடியவர் 20 பேர் இருப்பார்கள், அவர்களைச் சேர்த்துக் கோர்ட்டிலேயே சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள். ஒத்துவந்தால் அது டிகிரியாகவே வரும். கூடவே கமிஷனர் வைத்துத் தூண்களை ஒருமுறை எண்ணி வையுங்கள். இந்த வாரமே.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஏதாவது வழக்கு உண்டா?
— பெயர் போடாமல் ஒரு கார்டு, செஞ்சை தபால் முத்திரை

இல்லை. பெரியப்பா மகன் கிணற்றில் பாதி தன்னுடையது என்றான், சரி எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 31 வருஷம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தவனுக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. ஆனால் அவன் கேட்டது கிணறு. வீட்டைக் கேட்டிருந்தால் அன்றைக்கே வக்காலத்துப் போட்டிருப்பேன்.